கட்டிங் டேபிளும் கிராபிக்ஸ் மேசையும்

2007 ஜூன் மாதம் 'சிவாஜி' படம் திரைக்கு வந்தது. கறுப்பாக இருக்கிறாய் என்று நாயகி சொல்லிவிட்டதால் நாயகன் வெள்ளையாக ஆசைப்படுவான். கண்டதையும் பூசிப் பார்ப்பான். பிறகு 'ஒரு கூடை சன்லைட்' பாட்டில் வெள்ளைக்காரராகவே வந்து ரஜினிகாந்த் ஆடுவார். கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவது அந்தப் படத்தின் கதை. கறுப்புத் தோலை வெள்ளையாக்குவது அந்தப் பாட்டு. தியேட்டரில் விசில் பறந்தது நினைவிருக்கும்.

அது மேக்கப் அல்ல. ரஜினிகாந்த் ஆடிய ஷாட்டுகளை ஒரு ஐரோப்பியப் பெண்ணை ஆடவைத்து அதே மாதிரி மறுபடியும் படம் பிடித்தார்கள். அந்தப் பெண்ணின் தோல் நிறத்தை எடுத்து, ரஜினியின் முகத்துக்கும் கைக்கும் கணினியில் மாற்றிப் பூசினார்கள். ஒரு பிரேம், அடுத்த பிரேம், அதற்கடுத்த பிரேம் என்று ஆயிரக்கணக்கில். ஒரே ஒரு பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு வருட வேலை. இதைச் செய்தது இந்தியன் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற சென்னை நிறுவனம். மேற்பார்வை செய்தவர் வி.சீனிவாஸ் மோகன். அந்த ஆண்டின் சிறப்புக் காட்சிகளுக்கான தேசிய விருது 'சிவாஜி'க்குத்தான் கிடைத்தது. சீனிவாஸ் மோகன் பிறகு 'எந்திரன்', 'பாகுபலி', 'ஆர்.ஆர்.ஆர்.' என்று பெரிய படங்களுக்கெல்லாம் கிராபிக்ஸ் மேற்பார்வையாளராக இருந்து விருதுகள் வாங்கினார்.

வேலையின் நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நம் காலனிகளில் உட்கார்ந்து அந்தப் பாட்டைப் பார்த்த பிள்ளைகளுக்கு அது என்ன சொன்னது என்பதையும் பேசத்தான் வேண்டும். கறுப்பு என்பது சரிசெய்யவேண்டிய ஒரு பிழை. அதைச் சரிசெய்ய எத்தனை பேர் வேண்டுமானாலும் ராத்திரி பகலாக உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள் என்றது. பதினொரு ஆண்டுகள் கழித்து அதே ரஜினிகாந்த் 2018ல் 'காலா'வில் கறுப்புச் சட்டையுடன் வந்தார். அங்கே கறுப்பு குறையே அல்ல, நாயகனின் பெயரே அதுதான். அந்தப் படத்தை இயக்கிய பா.இரஞ்சித் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவர். இடைப்பட்ட காலத்தில் கணினி வளர்ந்தது உண்மைதான். ஆனால் கறுப்பின் பொருளை மாற்றியது கணினி அல்ல. எதைக் காட்டவேண்டும் என்று முடிவு செய்யும் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார்.

அந்த நாற்காலிக்குப் போகும் வழியில்தான் கிராபிக்ஸ் கலைஞரின் மேசையும் இருக்கிறது. சினிமாவிலும் வீடியோ கேமிலும் அந்த மேசைக்கு நம் திருப்பூர் மாவட்டத்துப் பிள்ளைகள், அதிலும் அவினாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கயம் பக்கத்துக் காலனிகளில் இருந்து பனியன் கம்பெனிக்கு வேன் ஏறுகிறவர்களின் பிள்ளைகள், போய்ச் சேர முடியுமா? முடியும். ஆனால் எந்த வாசல் வழியாக என்பதில் கவனம் வேண்டும்.

கைமடியில் தொடங்கும் தொழில்

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம். ஐந்து நொடி வரும் ஒரு ஷாட்டில் 120 பிரேம். நாயகன் மலை உச்சியில் நிற்க வேண்டும். ஆனால் படப்பிடிப்பு நடந்தது ஸ்டுடியோவில். அப்படியானால் 120 பிரேமிலும் நாயகனின் உருவத்தை ஓரம் பிசகாமல் வெட்டி எடுக்க வேண்டும். பச்சைத் திரை பின்னால் இருந்தால் பாதி வேலை கணினி பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒரு மனிதர் உட்கார்ந்து தலை, தோள், கை, விரல் என்று தனித்தனியாகக் கோடு போட்டு, பிரேமுக்கு பிரேம் அந்தக் கோட்டை நகர்த்த வேண்டும். இதற்கு ரோட்டோ என்று பெயர். அமெரிக்காவில் மேக்ஸ் பிளெய்ஷர் என்பவர் கார்ட்டூன் படத்துக்காக நடிகரின் அசைவை அச்சு எடுக்கக் கண்டுபிடித்து 1917ல் காப்புரிமை பெற்ற முறையின் பேரப்பிள்ளை இது.

அடுத்தது பெயின்ட். சண்டைக் காட்சியில் நாயகனைத் தூக்கிய கயிற்றை அழிப்பது, பழைய காலத்துக் கதையில் தெரியும் செல்போன் கோபுரத்தை மறைப்பது போன்றவை. கேமரா எப்படி நகர்ந்தது என்பதைக் கணக்குப் போட்டுக் கணினிக்குள் அதே நகர்வைக் கொண்டுவருவது இன்னொரு பிரிவு. மாடலிங் செய்பவர் உருவத்தை உருவாக்குவார். அனிமேஷன் செய்பவர் அதை அசைப்பார். எஃபெக்ட்ஸ் பிரிவு நெருப்பு, தண்ணீர், புழுதியைக் கிளப்பும். லைட்டிங் பிரிவு வெளிச்சம் போடும். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே கேமராவில் எடுத்தது போல ஒட்டுத் தெரியாமல் சேர்ப்பவர் கம்பாசிட்டர். படம் தொடங்கும்போது இதில் வரும் காளையும் நாயும் கணினி வரைகலையில் உருவாக்கப்பட்டவை என்று ஒரு அட்டை போடுகிறார்களே, அந்த ஒரு வரிக்குப் பின்னால் இத்தனை பிரிவுகள் உண்டு.

பனியன் கம்பெனியை உள்ளே பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று நம் ஊரில் ஒரு டி-ஷர்ட் எத்தனை கை மாறுகிறதோ, அத்தனை கை ஒரு ஷாட்டும் மாறுகிறது. டெய்லர் வேலைக்கு முந்தைய படி கைமடி. மெஷின் ஏறுவதற்கு முன் துணியை மடித்துக் கொடுத்துக்கொண்டே பழக வேண்டும். கிராபிக்ஸில் ரோட்டோவும் பெயின்ட்டும் அந்தக் கைமடியும் பிசிறு வெட்டுதலும்தான். புதிதாக வரும் பையனையும் பெண்ணையும் முதலில் அங்கேதான் உட்கார வைப்பார்கள். பொறுமையும் கண்ணும் வேண்டிய வேலை. கேவலமான வேலை அல்ல. ஆனால் அங்கேயே பத்து வருடம் உட்கார்ந்துவிட்டால் முதுகு வலிதான் மிஞ்சும். கைமடியிலேயே வயது முடிந்துபோன அக்காக்களை நம் ஊரில் யாருக்குத் தெரியாது?

ஆர்டர் எங்கிருந்து வருகிறது?

வெளிநாட்டு பையர், பையிங் ஹவுஸ், எக்ஸ்போர்ட் கம்பெனி, ஜாப் ஒர்க் யூனிட், பவர் டேபிள். திருப்பூரின் ஆர்டர் இறங்கிவரும் படிகள் இவை. ஹாலிவுட் படங்களின் கிராபிக்ஸும் இப்படித்தான் இறங்குகிறது. படக் கம்பெனி ஒரு பெரிய ஸ்டுடியோவுக்கு மொத்த விலை பேசி வேலையைக் கொடுக்கும். ஆள்பலம் அதிகம் கேட்கும் ரோட்டோவும் பெயின்ட்டும் அங்கிருந்து மும்பை, ஹைதராபாத், சென்னை, பெங்களூருவுக்கு வரும். இயக்குநர் மனம் மாறி, இந்த ஷாட்டை மறுபடி செய் என்றால் கூடுதல் நேரம் ஸ்டுடியோவின் தலையில் விழும். ஸ்டுடியோ அதை இரவு ஷிப்டாகக் கலைஞரின் தலையில் இறக்கும். பீஸ் ரிஜெக்ட் ஆனால் யார் கையைக் கடிக்கும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதுச்சேரியில் படப்பிடிப்பு நடந்த 'லைஃப் ஆஃப் பை' படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். படகில் வரும் அந்தப் புலி பெரும்பாலான காட்சிகளில் நிஜப் புலி அல்ல, கணினியில் உருவானது. அதைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளைகள் இருந்தன. அந்த வேலைக்காக 2013 பிப்ரவரி 24 அன்று ஆஸ்கர் கொடுத்தார்கள். விருதுக்குச் சில நாள்கள் முன்புதான் அந்த நிறுவனம் திவால் மனு போட்டிருந்தது. மேடை ஏறிய பில் வெஸ்டன்ஹோஃபர் தங்கள் நிறுவனத்தின் நிலையைச் சொல்லத் தொடங்கியதும் இசையை எழுப்பி மைக்கை அடக்கிவிட்டார்கள். அரங்குக்கு வெளியே நூற்றுக்கணக்கான கிராபிக்ஸ் கலைஞர்கள் பதாகையுடன் நின்றார்கள். உலகம் முழுவதும் பலர் தங்கள் முகநூல் படத்தை எடுத்துவிட்டு வெறும் பச்சைச் சதுரத்தை வைத்தார்கள். நாங்கள் இல்லாவிட்டால் உங்கள் படத்தில் இந்தப் பச்சைத் திரைதான் தெரியும் என்று அதற்குப் பொருள்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரியில், டெக்னிகலர் குழுமம் சரிந்தது. எம்.பி.சி., தி மில் போன்ற புகழ்பெற்ற ஸ்டுடியோக்கள் அதற்குச் சொந்தமானவை. பெங்களூருவிலும் மும்பையிலும் வேலை பார்த்த ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வேலையில்லாமல் நின்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது நம் ஊரில் ஆர்டர்கள் நின்றதும் ஷிப்டுகள் குறைந்ததும் தெரிந்ததே. அதே அதிபர் அந்த மே மாதத்தில், வெளிநாட்டில் தயாராகும் படங்களுக்கு 100 சதவீத வரி போடப்போவதாகவும் அறிவித்திருந்தார். பனியனை விட்டு கம்ப்யூட்டருக்குப் போய்விட்டால் இந்தக் கவலையெல்லாம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஒரு வித்தியாசம் உண்டு. திருப்பூரில் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடும் பழக்கம் இருக்கிறது. அது எல்லா யூனிட்டிலும் அமலாகிறதா என்பது வேறு விஷயம். கிராபிக்ஸ் துறைக்கு அந்தப் பழக்கம் இப்போதுதான் எட்டிப்பார்க்கிறது. அமெரிக்காவில் மார்வெல் நிறுவனத்தின் கிராபிக்ஸ் தொழிலாளர்கள் 2023 செப்டம்பரில்தான் வாக்களித்துச் சங்கம் சேர்ந்தார்கள்.

லட்ச ரூபாய் டிப்ளமோ

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மாடிப்படி ஏறியதும் ஏசி அறையும் கண்ணாடிக் கதவுமாக ஒரு பயிற்சி மையம். ஹாலிவுட் பட போஸ்டர் ஒட்டியிருக்கும். நூறு சதவீதம் வேலை உத்தரவாதம் என்பார்கள். கட்டணம் லட்சத்தில் தொடங்கும். மகளிர் குழுக் கடன் எடுத்து, கம்மலை அடகு வைத்து, வேனில் கம்பெனிக்குப் போகும் அம்மா கட்டும் பணம் அது. "படிச்சா கம்ப்யூட்டர்ல உக்காந்து வேலை பாக்கலாமாம் கண்ணு, எங்களை மாதிரி நின்னுக்கிட்டே சாக வேண்டாம்" என்று சொல்லித்தான் கட்டுவார்கள்.

படித்து முடித்து வருகிற வேலை பெரும்பாலும் ரோட்டோ. முதல் வருடச் சம்பளம் பல இடங்களில் ஒரு கைதேர்ந்த ஓவர்லாக் டெய்லர் மாதத்தில் வாங்கும் கூலியைத் தாண்டாது. சென்னையில் அறை வாடகை தனி. கடன் வட்டி தனி. எல்லாப் பயிற்சி மையமும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நன்றாகச் சொல்லிக்கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன. ஆனால் சேரும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: இந்தப் படிப்புக்கு அரசின் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை உண்டா? ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உள்ள உதவித்தொகை, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான் வரும். சும்மா அச்சடித்துக் கொடுக்கும் டிப்ளமோவுக்கு வராது. அந்த ஒரு கேள்விக்கு வழவழவென்று பதில் வந்தால் படி இறங்கிவிடலாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. ரோட்டோவை இப்போது கணினியே கற்றுக்கொண்டுவிட்டது. ஓர் ஆளின் மேல் சொடுக்கினால் செயற்கை நுண்ணறிவு அந்த உருவத்தைத் தானே வெட்டிக் கொடுக்கிறது. பறக்கும் முடி, புகை, வேகமாக வீசும் கை இவற்றில்தான் இன்னும் தடுமாறுகிறது. ஏணியின் கடைசிப் படியைத்தான் முதலில் உருவுகிறார்கள். லட்சம் கடன் வாங்கி, உருவப்படும் படியில் கால் வைக்கத்தான் நம் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறார்கள் என்றால் அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

ஜிஎஸ்எம் தெரிந்த கை

அப்படியானால் நம் பிள்ளைகளிடம் மற்றவரிடம் இல்லாத எது இருக்கிறது? துணி இருக்கிறது.

கேமில் வரும் போர்வீரனின் அங்கி, சினிமாவில் கணினியில் உருவான அரசனின் வேட்டி, ராட்சசனின் கோவணம் எல்லாமே யாரோ ஒருவர் கணினிக்குள் தைத்தது. தைத்தது என்பது உவமைக்குச் சொன்னதல்ல. மார்வலஸ் டிசைனர் என்ற மென்பொருள் இருக்கிறது. அதில் துணியைச் சிலை மாதிரி செதுக்க மாட்டார்கள். முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று பேட்டர்ன் போட்டு, எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேர வேண்டும் என்று தையல் கோடு காட்டினால், அது கணினிக்குள் நிற்கும் பொம்மையின் மேல் தைத்து விழுகிறது. தென் கொரியாவைச் சேர்ந்த அதே நிறுவனம்தான் குளோ என்ற மென்பொருளையும் விற்கிறது. அது ஆயத்த ஆடைக் கம்பெனிகள் துணி வெட்டாமல் கணினியிலேயே சாம்பிள் பார்ப்பதற்கு. பேட்டர்ன் மாஸ்டரின் அறிவு ஒன்றுதான். ஒரு பக்கம் பையருக்குப் போகிறது, இன்னொரு பக்கம் கேமுக்குப் போகிறது.

அந்த மென்பொருளில் துணியின் குணத்தை எண்களாகக் கொடுக்க வேண்டும். எடை எவ்வளவு, எந்தத் திசையில் எவ்வளவு இழுபடும், எவ்வளவு வளையும் என்று. பொறியியல் படித்துவிட்டு வந்த பையன் அந்த எண்களை இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிப் பார்ப்பான். நம் ஊர்ப் பெண்ணுக்கு 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி தோளில் எப்படி விழும், ரிப் துணி இடுப்பில் எப்படிப் பிடிக்கும், பிளீஸ் எங்கே மடங்காமல் விறைத்து நிற்கும், கழுத்துப் பட்டியை இழுத்துத் தைத்தால் எங்கே சுருக்கம் விழும் என்று கை விரலுக்கே தெரியும். செக்கிங் டேபிளில் நின்ற கண்ணுக்குத் தையல் கோணல் தூரத்திலேயே தெரியும். இதைப் பல கிராபிக்ஸ் கலைஞர்கள் வருடக்கணக்கில் முயன்று கற்றுக்கொள்கிறார்கள்.

கேமுக்கான துணியில் ஒரு கூடுதல் சூட்சுமம் இருக்கிறது. சினிமாவில் ஒரு பிரேமைக் கணக்குப் போடக் கணினி மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஒருமுறை முடித்தால் முடிந்தது. கேமில் நீங்கள் பொத்தானை அழுத்துகிற அந்த நொடியிலேயே படம் வர வேண்டும். நொடிக்கு 30 முறை, 60 முறை. அதனால் ஒவ்வொரு மடிப்பையும் நிஜமாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. நுணுக்கமாகத் தைத்த ஆடையின் மடிப்புகளை ஒரு படமாக எடுத்து, குறைந்த எடையுள்ள உருவத்தின் மேல் ஒட்டுவார்கள். எந்த மடிப்பு முக்கியம், எதை விட்டுவிட்டாலும் ஆடை ஆடையாகவே தெரியும் என்று முடிவு செய்வதில்தான் கலைஞரின் திறமை இருக்கிறது. இப்படிப் பிறர் கேம்களுக்கு உருவமும் ஆடையும் செய்துகொடுத்து வளர்ந்ததுதான் பெங்களூருவில் 1997ல் தொடங்கிய துருவா இன்டராக்டிவ். 2019ல் அதை உலகின் பெரிய கேம் நிறுவனங்களில் ஒன்றான ராக்ஸ்டார் விலைக்கு வாங்கியது.

பிரிண்டிங் பட்டறைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆறு கலர் டிசைன் ஒன்று வந்தால் ஒவ்வொரு கலரையும் தனித்தனியாகப் பிரித்து, ஆறு பாசிட்டிவ் எடுத்து, ஆறு ஸ்கிரீன் போடுகிறார்கள். ஒரு கலர் ஒரு நூல் தள்ளி விழுந்தாலும் மிஸ் பிரிண்ட். அந்த கலர் செபரேஷனைக் கணினியில் போடும் பையன் படத்தை அடுக்கடுக்காகப் பிரிக்கிறான். கம்பாசிட்டர் அடுக்கடுக்காகச் சேர்க்கிறார். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில மாதப் பயிற்சிதான்.

இந்த அறிவு நம் கைக்கு எளிதாக வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெர்ட் டி நெவே, கிரேஸ் கார்ஸ்வெல் ஆகிய ஆய்வாளர்கள் திருப்பூரைச் சுற்றிய கிராமங்களில் பல ஆண்டுகள் தங்கி ஆராய்ந்தார்கள். விசைத்தறிப் பட்டறையில் அட்வான்ஸ் வாங்கியவர்கள் அந்தக் கடனால் தறிக்கே கட்டுப்பட்டுக் கிடந்தார்கள். பனியன் கம்பெனிக்கு டவுனுக்குப் போகத் தொடங்கிய தலித் இளைஞர்களோ ஊர்ப் பண்ணையாரின் பிடியிலிருந்து விலக முடிந்தது என்று 2014ல் எழுதினார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே டி-ஷர்ட்டும் டம்ளரும் இருக்கின்றன. எந்த டம்ளர் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் கம்பெனிக்குள் போனாலும் கட்டிங் மாஸ்டர், மெர்ச்சண்டைசர், கம்பெனி முதலாளி என்று மேலே போகப் போக நம் ஆட்கள் குறைகிறார்கள். முதலுக்குப் பணமும், ஆர்டர் வாங்கித்தர உறவும் வேண்டியிருக்கிறது. கிராபிக்ஸில் முதலீடு ஒரு நல்ல கணினி. ஆளை எடுப்பவர் பார்ப்பது நீங்கள் செய்த வேலைகளைத் தொகுத்த ஒன்றிரண்டு நிமிட வீடியோ. ஷோ ரீல் என்பார்கள். உறவும் பழக்கமும் இங்கேயும் செல்லும். சாதி இந்தத் துறையில் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு நிமிடம் நன்றாக இருந்தால் அதைத் தாண்டிப் போக ஒரு சந்து இருக்கிறது.

காசில்லாமல் கற்க

பிளெண்டர் என்ற மென்பொருளை ஒரு ரூபாய் கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். நெதர்லாந்தைச் சேர்ந்த டோன் ரோசென்டால் உருவாக்கியது. 2002 முதல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிடப்பட்டது. மாடலிங், அனிமேஷன், துணி, வெளிச்சம் எல்லாம் அதிலேயே உண்டு. லாட்வியா என்ற சின்ன நாட்டில் பிளெண்டரில் எடுத்த 'ஃப்ளோ' என்ற படம் 2025ல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. டிஸ்னி, டிரீம்ஒர்க்ஸ் மாதிரி பெரிய கம்பெனிகள் கோடிகளைக் கொட்டி வாங்கும் விருது அது. கம்பாசிட்டிங் கற்க நியூக் மென்பொருளின் வணிகமல்லாத பதிப்பும் டாவின்சி ரிசால்வும் இலவசம். கேம் உருவாக்க கோடோ இலவசம். தமிழில் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களும் யூடியூப்பில் கிடைக்கின்றன. தடை கணினிதான். பழைய அரசு லேப்டாப்பில் பிளெண்டர் திணறும். அதில் சின்ன உருவங்கள் செய்து பழகலாம். பெரிய காட்சி ஓடாது.

என்ன செய்வது என்ற கேள்விக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். கனடாவின் டொரன்டோவில் ஒரு சின்னக் குழு 'வெண்பா' என்ற கேமை 2023ல் வெளியிட்டது. வெளிநாட்டுக்குக் குடிபோன தமிழ்த் தாய் ஒருத்தி, அழிந்துபோன வரிகளுள்ள சமையல் குறிப்பைப் பார்த்து இட்லியும் புட்டும் செய்வதுதான் விளையாட்டு. துப்பாக்கி கிடையாது, டிராகன் கிடையாது. 2024ல் பிரிட்டனின் பாஃப்டா விருது முதல் கேமுக்கான பிரிவில் அதற்குக் கிடைத்தது. இட்லிக்கு பாஃப்டா என்றால், பறைக்கும் அடிமுறைக்கும், பண்ணையம் பார்த்த தாத்தாவின் கதைக்கும், சுமங்கலித் திட்டத்தில் மில்லுக்குள் போய் மூன்று வருடம் அடைபட்டு வந்த அக்காவின் கதைக்கும் ஏன் கிடைக்காது? அந்த அக்காவின் சட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசியைக் கணினியில் சரியாகக் கொண்டுவர, அதைத் தட்டிவிட்ட கையால்தான் முடியும்.

முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு அரசு வாசல் இருக்கிறது. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். இங்கே காட்சிக்கலை இளங்கலைப் பட்டத்தில் கிராபிக்ஸுக்கு என்றே ஒரு பிரிவு உண்டு. பிளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம். கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் சொற்பம். பட்டம் தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தினுடையது. அரசு நிறுவனம் என்பதால் ஆதிதிராவிடருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு, பழங்குடியினருக்கு 1 சதவீதம். 2009ல் வந்த அந்த அருந்ததியர் உள் ஒதுக்கீடு நீதிமன்றத்தில் பல வருடம் ஊசலாடியது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. நம் மாவட்டத்தில் அதிகம் இருக்கும் அருந்ததியர் குடும்பங்கள் இந்த இடங்களைக் கேட்டு வாங்க வேண்டும். சேரும் இடம் இருக்கிறது என்றே தெரியாவிட்டால் ஒதுக்கீடு இருந்தும் என்ன பயன்?

ஓவியத்தில் ஆர்வம் இருந்தால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் உள்ளன. சென்னைக் கல்லூரி 1850ல் தொடங்கியது. கிராபிக்ஸில் மேலே போனவர்களில் நன்றாகப் படம் வரையத் தெரிந்தவர்களே அதிகம். மென்பொருளை ஆறு மாதத்தில் பிடித்துவிடலாம், மனித உடம்பையும் வெளிச்சத்தையும் பார்க்கப் பழக வருடங்கள் ஆகும். சென்னையில் தங்க அரசு மாணவர் விடுதிகள் இருக்கின்றன, சைதாப்பேட்டையின் எம்.சி.ராஜா விடுதி தரமணிக்குப் பக்கம்தான். இந்த விடுதிகளுக்கு 2025 முதல் 'சமூகநீதி விடுதி' என்று பெயர்.

கல்லூரிக்குப் போக வழியில்லாதவர்கள், ஏற்கெனவே கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், தாட்கோவின் மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்கு அங்கே இலவசத் திறன் பயிற்சிகள் அறிவிக்கிறார்கள். பல பயிற்சிகளுக்குத் தங்கும் செலவையும் தாட்கோவே ஏற்கிறது. எந்த வருடம் எந்தப் பயிற்சி என்பது மாறும். கிராபிக்ஸ், அனிமேஷன் பட்டியலில் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று மனு எழுதிக் கொடுங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் பட்டா கேட்டும் பாதை கேட்டும் நிற்கும் வரிசையில் இதற்கும் ஒரு மனு இருக்கட்டும்.

தரமணி நிறுவனத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் கவனத்துக்கு ஒரு சின்ன விஷயம். பிளஸ் டூ முடிவு வரும் நேரத்தில் விண்ணப்ப அறிவிப்பு நாளிதழ்களில் வரும். அதில் வி.எஃப்.எக்ஸ். என்றோ கிராபிக்ஸ் என்றோ தேடினால் கிடைக்காது. அரசுத் தமிழில் அந்தப் படிப்பின் பெயர் 'உயிர்ப்பூட்டல் மற்றும் காட்சிப்பயன்'. பெயரைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.